முதியோர் இல்லத்தில் கேரல் பாடுவது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டார், சித்தப்பா வீட்டார், அத்தை பிள்ளைகள் என்று பதினைந்து பேர் வருடா வருடம் ஒரு சாயங்காலம் முதியோர் இல்லத்துக்குக் கேரல், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு, பாடப் போவோம். தெருவில் போகிற கேரல் ரவுண்ட்ஸில் நாம் பாட, வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். இங்கே பெரியவர்களும் நம்மோடு சேர்ந்து பாட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

1. தேதி

நவம்பர் கடைசியிலேயே வார்டனை நேரில் பார்த்துவிடுங்கள். டிசம்பர் 20 முதல் 25 வரை சபை, பள்ளிக்கூடம், கம்பெனி என்று ஆள் மாற்றி ஆள் வருவார்கள். 26ஆம் தேதிக்கு மேல் வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். சபைக் காலண்டரில் கிறிஸ்துமஸ் காலம் ஜனவரி 5 வரை உண்டு. ஆகவே நாங்கள் 27 அல்லது 28ஆம் தேதியைத்தான் கேட்டு வாங்குவோம். மாலை நாலரை மணி சரியான நேரம். ராச்சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எத்தனை பேர், யார் யாருக்குச் சர்க்கரை, வேறு மதத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு இது சம்மதமா என்பதை அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டைத் தவிர பிரசங்கம், கைப்பிரதி எதுவும் வேண்டாம்.

2. பாட்டும் சுருதியும்

எட்டுப் பாட்டு, நாற்பது நிமிடம். அதற்கு மேல் உட்கார்ந்திருக்க அவர்களுக்கு முதுகு வலிக்கும். புதுப் பாட்டு ஒன்று போதும். மற்றதெல்லாம் அவர்கள் சின்ன வயதில் பாடியதாக இருக்கட்டும்: சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலையிலிருந்து 'பக்தரே வாரும்', 'ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்', அப்புறம் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) வழியில் வந்த கீர்த்தனை ஒன்றிரண்டு.

முதல் வருடம் கோயிலில் பாடுகிற அதே சுருதியில் தொடங்கினோம். இரண்டாவது வரியிலேயே அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வயதானால் குரல் மேலே ஏறாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி மைனஸ் 2 அல்லது மைனஸ் 3 வையுங்கள். நமக்குக் கொஞ்சம் தாழ்வாகப்படும்; பரவாயில்லை. வேகத்தையும் குறையுங்கள்.

வயதாகும்போது காதில் முதலில் மங்குவது உச்ச ஒலிகள். 'ச', 'த' போன்ற எழுத்துகள் தெளிவாக விழாது; வார்த்தைகளை நிறுத்தி உச்சரியுங்கள். டிரம், டாம்பரின் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காதுக் கருவி போட்டிருப்பவருக்கு அந்தச் சத்தம் தலைக்குள் இடிக்கும்.

பாட்டில் எந்தக் கவியையும் (சரணத்தையும்) விடாதீர்கள். மூன்றாவது கவியோடு நிறுத்துவது நம் பழக்கம். ஒரு வருடம் அப்படி நிறுத்தியபோது மூலையில் சக்கர நாற்காலியில் இருந்த ஆச்சி ஒருவர் நான்காவது கவியைத் தனியாகத் தொடங்கிவிட்டார். பெற்ற மகளின் பெயர் அவருக்கு மறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் பாடியது எல்லாரும் பாடுகிற ராகம்கூட இல்லை, அதற்குத் துணையாகப் பெண்கள் தாழ்ந்த குரலில் பாடுகிற ஆல்ட்டோ! விரல் மட்டும் சேலைத் தலைப்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடினோம்.

3. பாட்டுத்தாள்

ஏ4 தாளில், 24 அளவு எழுத்தில், பக்கத்துக்கு ஒரு பாட்டு. வெள்ளைத் தாளில் கறுப்பு மை. அலங்காரப் படம் எதுவும் வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு தாள் என்று சிக்கனம் பிடிக்காதீர்கள்.

4. அந்த நாள்

சளி, இருமல் உள்ளவர் வீட்டிலேயே இருக்கட்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் தாத்தா வரலாம், முகமூடி வேண்டாம். நினைவு தடுமாறுகிறவர்கள் அதைப் பார்த்து மிரண்டுபோவார்கள். சிவப்புத் தொப்பி போதும்.

மேடைபோல வரிசையாக நிற்காதீர்கள். நாற்காலிகளுக்கு இடையே கலந்து உட்காருங்கள். பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் வரியைக் காட்டட்டும். யாராவது பழைய சினிமாப் பாட்டு கேட்டால், தெரிந்தவரை பாடுங்கள்.

படுக்கையில் இருப்பவர்களிடம் எல்லாரும் மொத்தமாகப் போகாதீர்கள். மூன்று பேர், ஒரு பாட்டு, வாத்தியம் இல்லாமல். அனுமதி கேட்டு உள்ளே போய், அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து மெதுவாகப் பாடுங்கள். கை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள்.

5. பலகாரம்

அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் பல் இல்லாதவர்களுக்கு ஆகாது. மெத்தென்ற கேக்கைச் சின்னத் துண்டாக வெட்டி வார்டனிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்குக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு என்ன தரலாம் என்பதையும் அவரையே கேளுங்கள்.

6. நோட்டு

வீட்டுக்கு வந்ததும் யார் எந்தப் பாட்டைக் கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் அதிலிருந்துதான் பட்டியல் போட வேண்டும். அந்த ஆச்சி இப்போது இல்லை. அவர் பாட்டுக்கு நேராக 'நாலு கவியும்' என்று அத்தை எழுதி வைத்திருக்கிறாள்.