பழைய மைக் செட் டிரான்ஸ்பார்மரை அடையாளம் காண்பது எப்படி?

ஆடிக் கொடைக்கு சுடலைமாடன் கோயில் வாசலில் பாடிய வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிபயர்கள் இப்போது பழைய இரும்புக் கடைக்கு வருகின்றன. செம்புக்காக உடைத்து எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் பல நேரம் நன்றாகவே இருக்கும். பாளையங்கோட்டையில் நான் வாங்கிய ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

முதலில் முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை அடித்தால் வேண்டாம்.

அடுத்து, மல்டிமீட்டரை ஓமில் வைத்து எந்த ஒயர் எதோடு சேர்கிறது என்று தாளில் குறியுங்கள். என்னுடையதில் மூன்று ஒயர் ஒரு கூட்டம்: ஓரத்துக்கு ஓரம் 310 ஓம், நடுவிலிருந்து ஏறக்குறைய பாதி. அது வால்வுக்கான உயர் வோல்ட்டேஜ். 22 ஓம் காட்டிய ஜோடி பிரைமரி, அதாவது வீட்டுக் கரண்ட் உள்ளே போகும் சுருள். ஒரு ஓமுக்கும் குறைவாக, தடித்த கம்பியில் இரண்டு ஜோடி: வால்வின் உள்ளிருக்கும் இழையைச் சூடாக்கும் ஹீட்டர் சுருள்கள். சில நூறு ஓமில் ஒன்றும், ஒரு ஓமுக்குள் ஒன்றும் மட்டுமே இருந்தால் அது ஸ்பீக்கருக்குப் போகும் அவுட்புட் டிரான்ஸ்பார்மராக இருக்கலாம்; அதை மெயினில் செருகவே கூடாது.

எந்தச் சுருளும் இரும்போடு சேரக் கூடாது. காயில் கட்டும் கடையில் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) இருந்தால் 500 வோல்ட்டில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மல்டிமீட்டருக்குத் தெரியாத கசிவு அதில் தெரியும்.

இனி வோல்ட்டேஜ். நேராக 230 கொடுக்காதீர்கள். வேறொரு சின்ன டிரான்ஸ்பார்மரிலிருந்து 12 வோல்ட் ஏசியை பிரைமரிக்குக் கொடுத்து, மற்றதை அளந்து 19-ஆல் பெருக்குங்கள் (230-ஐ 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 19). எனக்கு நடு ஒயரிலிருந்து இரு ஓரத்துக்கும் 13 வோல்ட், 13-0-13 வந்தது, அதாவது 250-0-250. ஹீட்டர்களில் 0.33, 0.26, அதாவது 6.3, 5 வோல்ட். தவறி ஹீட்டர் சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் உயர் வோல்ட்டேஜ் ஓரங்களில் 900-க்கு மேல் எகிறலாம். உயிர் சமாச்சாரம், ஒயரை இரண்டு முறை பாருங்கள்.

சரி, அப்புறம் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு 230 கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட்.

தேறியதை என்ன செய்யலாம்? உயர் வோல்ட்டேஜ் ஒயர்களைத் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். இரண்டு ஹீட்டர் சுருளையும் தொடராக இணைத்தால் 11.3 வோல்ட்; 1.3 காட்டினால் ஒன்றைத் திருப்பிப் போடுங்கள். அதன் பின்னால் வரிசையாக ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், 4700 மைக்ரோபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டர், ஹீட்சிங்கோடு 9 வோல்ட்டில் நிறுத்தும் 7809 ஐசி. 9 வோல்ட் தயார். பிரைமரியில் அரை ஆம்பியர் பியூஸ், இரும்புக்கு எர்த் கட்டாயம். என் பழைய ரேடியோ இதில்தான் பாடுகிறது.

ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரும்பைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும்.