ரைஃபிளுக்குப் புது ஸ்டாக் வாங்கப் போகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைப் பாருங்கள்

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணே, ஸ்டாக் வந்திருச்சு. ஆனா ஆக்‌ஷன் உள்ள உட்காரவே மாட்டேங்குது." ஸ்டாக் என்பது ரைஃபிளைத் தோளில் தாங்கும் கட்டை, ஆக்‌ஷன் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடுகிற உலோகப் பகுதி. டல்லாஸ் பக்கம் அவர் வீடு, எனக்கு அரை மணி நேரத் தூரம். போய்ப் பார்த்தால் சாப்பாட்டு மேசை மேல் துண்டு விரித்து, கார்பன் ஃபைபர் ஸ்டாக் ஒன்றைப் புது மாப்பிள்ளை மாதிரி படுக்க வைத்திருந்தார். நாலு மாதம் காத்திருந்து வாங்கியது. முன் திருகு சுலபமாக ஏறுகிறது, பின் திருகுக்கான துளை மட்டும் ஆக்‌ஷனில் இருக்கும் துளையோடு சேரவே இல்லை. அவருடைய ரைஃபிள் ரெமிங்டன் மாடல் செவன். ஆர்டர் கொடுத்திருந்ததோ ரெமிங்டன் 700 ஷார்ட் ஆக்‌ஷனுக்கு. "ரெண்டும் ரெமிங்டன், ரெண்டும் .308 தோட்டாதான், அப்புறம் என்ன?" என்று கேட்டார். மாடல் செவனின் ஆக்‌ஷன் 700ஐ விடக் குட்டை. அவ்வளவுதான் விஷயம், ஆயிரம் டாலருக்கு மேல் போச்சு.

ஸ்டாக் வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான், மற்ற எல்லாவற்றையும் விடச் செலவு வைக்கும் தவறும் இதுதான். ரைஃபிளின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள், ஆக்‌ஷனின் அடிப்பக்க அமைப்பைப் பார்ப்பதில்லை. அந்த அமைப்பை அமெரிக்காவில் ஃபுட்பிரின்ட் என்பார்கள்: திருகுகளுக்கு இடையே எவ்வளவு தூரம், அடிப்பாகம் உருண்டையா தட்டையா, சுடும்போது பின்னுதையைக் கட்டைக்குக் கடத்தும் ரீகாயில் லக் என்ற உலோகத் துண்டு எங்கே இருக்கிறது, போல்ட்டைக் கழற்ற அழுத்தும் போல்ட் ரிலீஸ் எந்தப் பக்கம், இதெல்லாம் சேர்ந்ததுதான் அது. 1962ல் வந்த ரெமிங்டன் 700இன் ஃபுட்பிரின்ட்டைத்தான் இன்று பெரும்பாலான கஸ்டம் ஆக்‌ஷன் தயாரிப்பாளர்களும் பின்பற்றுகிறார்கள், அதனால்தான் அதற்கு மட்டும் கடைகளில் ஸ்டாக் கொட்டிக் கிடக்கிறது. மற்ற ரைஃபிள்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சங்கதி இருக்கும். சாவேஜ் 110க்குச் செய்தது சாவேஜ் ஆக்ஸிஸில் உட்காராது. 110லேயே திருகு இடைவெளி மாறிய காலகட்டங்கள் உண்டு, ஆகவே பழைய ரைஃபிள் என்றால் வெர்னியர் காலிப்பர் எடுத்து அளந்து பார்ப்பதே புத்திசாலித்தனம். ரூகர் எம்77இல் முன் திருகு சாய்வாக ஏறும், அதன் தம்பி மாதிரித் தெரியும் ரூகர் அமெரிக்கனோ முற்றிலும் வேறு ஜாதி. மாறாக வெதர்பி வான்கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, அது ஹோவா 1500 ஆக்‌ஷனில் கட்டப்பட்டது, ஹோவாவுக்கு வரும் ஸ்டாக்குகளை அவர்களும் தேடிப் பார்க்கலாம்.

தோட்டாவை வைத்து ஆக்‌ஷன் நீளத்தை ஊகிப்பதும் ஆபத்து. பொதுவாக .308, 6.5 கிரீட்மோர் என்றால் ஷார்ட், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் என்றால் லாங் என்பது சரிதான். ஆனால் 1988ல் அமெரிக்கத் தரைப்படை எடுத்த எம்24 ஸ்னைப்பர் ரைஃபிள் சுட்டது .308இன் ராணுவ வடிவமான 7.62 நேட்டோ தோட்டா, அதன் ஆக்‌ஷனோ ரெமிங்டன் 700 லாங். பின்னால் பெரிய தோட்டாவுக்கு மாற்ற இடம் வைத்துத்தான் அப்படிச் செய்தார்கள். டிக்கா டி3யில் எல்லாத் தோட்டாவுக்கும் ஆக்‌ஷன் நீளம் ஒன்றே. டிக்காவில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், அதன் ரீகாயில் லக் ஆக்‌ஷனோடு சேர்ந்திருக்காது, தனித் துண்டாக ஸ்டாக்கில் உட்கார்ந்து ஆக்‌ஷனின் அடியில் இருக்கும் பள்ளத்தில் மாட்டும். புது ஸ்டாக்கோடு அந்தத் துண்டு வருகிறதா, பழையதைக் கழற்றிப் போட வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, ஆக்‌ஷன் உட்கார்ந்துவிட்டது என்று வைப்போம். அடுத்து குழல்.

ஸ்டாக்கில் குழல் படுக்கும் வாய்க்கால் எந்தப் பருமனுக்கு வெட்டப்பட்டது என்று பார்க்காமல் வாங்குகிறவர்கள் நிறைய. வேட்டை ரைஃபிளின் மெலிந்த குழலுக்கு வெட்டியதில் கனத்த வார்மின்ட் குழல் இறங்காது. தலைகீழாக வாங்கினால் இறங்கும், ஆனால் இரண்டு பக்கமும் வாய்க்கால் வரப்பு மாதிரி இடைவெளி, பார்க்கச் சகிக்காது என்பதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை. இரண்டு வருடத்தில் கனமான குழலுக்கு மாறும் யோசனை இருந்தால் இப்போதே அகலமாக வாங்குவது நல்லது.

குழல் கட்டையில் எங்கும் படாமல் மிதக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சோதனையும் தெரியும்: ஒரு டாலர் நோட்டை குழலுக்கு அடியில் விட்டு ஆக்‌ஷன் வரை இழுத்துப் பார்ப்பது. நோட்டின் தடிமன் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். இந்தச் சோதனையில் நானே ஏமாந்திருக்கிறேன். என் முதல் ரைஃபிளுக்கு மலிவான பிளாஸ்டிக் ஸ்டாக் ஒன்று வாங்கி, மேசை மேல் வைத்து நோட்டை இழுத்தேன், வெண்ணெய் மாதிரிப் போனது. ரேஞ்சில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டால் ஓர் இடம், பைபாட் என்ற இரட்டைக் கால் போட்டுச் சுட்டால் இன்னோர் இடம். தோட்டாவைக் குறை சொன்னேன், ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினேன், மூன்று மாதம் போச்சு. கடைசியில் ஒருநாள் பைபாடை விரித்து, வழக்கமாகச் சுடுகிற மாதிரியே தோளால் முன்னே தள்ளி வைத்துக்கொண்டு, மனைவியை விட்டு அந்த நோட்டை இழுக்கச் சொன்னேன். பாதியில் சிக்கிக்கொண்டது. நான் சாய்ந்த கனத்தில் கட்டையின் முன்பகுதி வளைந்து குழலைத் தொட்டிருக்கிறது. ஆகவே சோதிப்பதென்றால், தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பைபாடில் சாய்ந்தபடி சோதியுங்கள். கடையில் எடுத்துப் பார்க்கும்போது முன்பகுதியையும் குழலையும் சேர்த்து விரலால் அழுத்திப் பாருங்கள், சுலபமாகச் சேர்கிறது என்றால் அது துல்லியச் சுடுதலுக்கு ஆகாது.

மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரம் ஈரம் குடிக்கும், அதுதான் பிரச்சினை. 1966ல் அமெரிக்க மரைன் படை வியட்நாமுக்கு எடுத்துப் போன எம்40 ரைஃபிளுக்கு மரக்கட்டைதான் இருந்தது, அந்தக் காட்டு மழையில் கட்டை ஊதி முறுக்கிக்கொண்டு குறியை மாற்றிவிட, 1970களில் எம்40ஏ1 வந்தபோது ஃபைபர்கிளாஸுக்கு மாறிவிட்டார்கள். இன்று கிடைக்கும் லேமினேட் மரம், அதாவது மெல்லிய பலகைகளைப் பசையால் ஒட்டி அழுத்தியது, இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை, விலையும் சில நூறு டாலருக்குள் முடியும். கனம்தான் கொஞ்சம் கூட.

ஆக்‌ஷன் கட்டையில் அசையாமல் படிய நடுவே எபாக்ஸிப் பசை வார்ப்பதைப் பெட்டிங் என்பார்கள். அந்த விஷயத்தில் இரண்டு மூடநம்பிக்கை உண்டு. ஒன்று, நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்டாக்குக்குப் பெட்டிங் தேவையில்லை என்பது. மற்றொன்று, கட்டைக்குப் பதிலாக வரும் உலோகச் சட்டமான அலுமினிய சேஸி என்றால் மாட்டித் திருகை முடுக்கினால் போதும் என்பது. பல சமயம் போதும்தான், சேஸியில் நான் பெட்டிங் செய்ததே இல்லை. ஆனால் போதுமா என்று சோதிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, யாரும் செய்வதில்லை என்பதுதான் என் குறை. ரைஃபிளை நிமிர்த்தி வையுங்கள். ஒரு விரலைக் குழலிலும் கட்டையின் முன்நுனியிலும் சேர்ந்து படும்படி வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள். திரும்ப இறுக்கிவிட்டு அடுத்து பின் திருகை. குழல் கட்டையை விட்டு எழும்புவதோ இறங்குவதோ விரலுக்குத் தெரிந்தால், ஆக்‌ஷன் வளைந்த நிலையில்தான் இத்தனை நாளும் கட்டுண்டு கிடந்திருக்கிறது. அப்போது எபாக்ஸி பெட்டிங் வேண்டும். அதைச் செய்யும்போது ரீகாயில் லக்கின் முன்பக்கம், இரு பக்கவாட்டு, அடி எல்லாவற்றிலும் டேப் ஒட்டி, பின்முகம் மட்டும் முழுசாகப் படிகிற மாதிரி விடுவார்கள். பசை ஒட்டாமலிருக்க உலோகத்தில் மெழுகு தடவ மறந்தால் ஆக்‌ஷனும் கட்டையும் ஆயுள் முழுக்கத் தம்பதி.

திருகைக் கைக்கு வந்தபடி முடுக்குவதும் தப்பு. திருகின் இறுக்கத்தைத் தாங்க அலுமினிய பில்லரோ (தூண்) பிளாக்கோ (கட்டி) உள்ள ஸ்டாக்குக்கு 65 இன்ச்-பவுண்ட் என்பது ரெமிங்டன் வகைகளில் சகஜமான அளவு. பில்லர் இல்லாத வெறும் மரத்தில் அதே முறுக்கைக் கொடுத்தால் மரம் நசுங்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவுதான் வேதம், அதற்கு முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வேண்டும். திருகு நீளத்தையும் பாருங்கள். பழைய திருகுகளைப் புது ஸ்டாக்கில் போட்டால், முன் திருகு நீண்டுபோய் போல்ட்டின் பூட்டுப் பல் சுழலும் இடத்தில் தலை நீட்டலாம், போல்ட் மூட மறுக்கும். பின் திருகு நீண்டால் போல்ட் இழுக்கும்போது கரகரவென்று உரசும்.

உடம்புக்குப் பொருந்துவதை யாருமே அளப்பதில்லை. கடை ரைஃபிள்களில் ட்ரிகரிலிருந்து கட்டையின் பின்முனை வரை சுமார் 13.5 அங்குலம் இருக்கும். நான் ஐந்தரை அடி ஆள், படுத்துச் சுடும்போது எனக்கு 12.5 தான் சரி. அந்த ஒரு அங்குலம் கூடுதலாக இருந்தபோது கழுத்தை நீட்டி நீட்டி ஸ்கோப்பைத் தேடி, சாயங்காலம் தைலம் தேய்த்ததுதான் மிச்சம். கன்ன உயரமும் அப்படியே. 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பை உயரமான வளையத்தில் மாட்டிவிட்டு, பழைய வேட்டைக் கட்டையில் கன்னம் வைத்தால் கன்னம் அல்ல, தாடைதான் படும். கண்ணை மூடி, சௌகரியமாகக் கன்னத்தைச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்புக்குள் வட்டம் முழுசாகத் தெரிய வேண்டும். இதற்காகக் கன்னப்பலகை ஏற்றி இறக்கும் வகையை வாங்கினால், அதை ஏற்றிய நிலையில் போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுத்து வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பலவற்றில் பலகை குறுக்கே நிற்கும், ஒவ்வொரு முறை குழல் துடைக்கும்போதும் அதை இறக்கி ஏற்றி, சரிசெய்த உயரம் போயே போய்விடும்.

செலவுக் கணக்கில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். ரெமிங்டன் 700இன் சாதாரண மாடல்களில் தோட்டாக்களை அடுக்கும் மேகசின் ரைஃபிளுக்குள்ளேயே இருக்கும். கழற்றி மாட்டும் ஏஐசிஎஸ் வகை மேகசின் வேண்டுமென்றால் அதற்கேற்ற அடி உலோகம், அதாவது கட்டையின் அடியில் மேகசினைத் தாங்கும் பாகம் வேண்டும், அது ஸ்டாக்கோடு வருமா என்று விளம்பரத்தில் பொடி எழுத்தில்தான் இருக்கும். ஸ்டாக், அடி உலோகம், இரண்டு மேகசின், கன்னப்பலகைக் கருவி, பெட்டிங் கூலி எல்லாம் கூட்டினால், எல்லாம் சேர்ந்தே வரும் சேஸி சில சமயம் மலிவாகிவிடும்.

கனம் பற்றி ஒரே ஒரு கேள்வி: எதற்கு? 2012ல் தொடங்கிய பிரிசிஷன் ரைஃபிள் சீரீஸ் மாதிரிப் போட்டிகளில் தடுப்புகள் மேல் வைத்துச் சுடுகிறார்கள், அங்கே பத்துக் கிலோ ரைஃபிளும் வரவேற்புதான், உதைக்காது. அதையே தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்கு மலை ஏறிப் பாருங்கள். எஃப்-கிளாஸ் என்ற தொலைதூரச் சுடுதல் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவில் பைபாடோடு சேர்த்து 8.25 கிலோ தாண்டக் கூடாது. அதன் இன்னொரு பிரிவான எஃப்-ஓப்பனில் முன்கட்டை 76 மில்லிமீட்டர் அகலம் தாண்டக் கூடாது. விதிப் புத்தகத்தைப் பார்க்காமல் கனமான ஸ்டாக்கை வாங்கி, தராசில் வைத்த பிறகு முகம் வெளுத்தவர்கள் உண்டு.

நண்பர் கதைக்கு வருகிறேன். அவர் கேட்ட நிறத்தில் பெயின்ட் அடித்துச் செய்தது என்பதால் ஸ்டாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விற்கவும் மனசு வரவில்லை. ஆறு மாதம் கழித்து, அந்த ஸ்டாக்குக்காகவே பழைய 700 ஷார்ட் ஆக்‌ஷன் ஒன்றை வாங்கினார். இந்த முறை காலிப்பரோடு என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். மாடல் செவனுக்கு இன்னும் ஸ்டாக் தேடிக்கொண்டிருக்கிறார்.