எழுத்துகள் சரி, திசை தவறு: செல் உயிரியல் மீள்பார்வையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல் உயிரியலையும் மூலக்கூறு உயிரியலையும் ஒருமுறை படித்துவிட்டுத் தேர்வுக்கு முன் மீண்டும் புரட்டுகிற மாணவர்கள் பெரும்பாலும் கலைச்சொற்களை மறப்பதில்லை. படியெடுத்தல் (டி.என்.ஏ-யிலிருந்து ஆர்.என்.ஏ உருவாதல்) என்றால் என்ன, மியாசிஸ் (இனச்செல்களை உருவாக்கும் செல் பகுப்பு) என்றால் என்ன என்று கேட்டால் தடையில்லாமல் வரையறை சொல்வார்கள். அந்த நிகழ்வு எந்தத் திசையில் நடக்கிறது, அதில் எதை எண்ண வேண்டும், செல்லின் எந்த இடத்தில் அது நடக்கிறது என்று கேட்கும்போதுதான் தடுமாறுகிறார்கள்.

முதலில் திசை. டி.என்.ஏ இழை ஒவ்வொன்றின் இரு முனைகளுக்கும் 5', 3' என்று பெயர். ஆர்.என்.ஏ படியெடுக்கப்படும் வார்ப்புரு இழை, 5' முனையில் தொடங்கி 3' முனை வரை, டிடிஏ ஏஜிசி சிஏடி என்று கொடுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பலர் இடமிருந்து வலமாகவே சோடி சேர்த்து ஏஏயு யுசிஜி ஜியுஏ என்று எழுதி, அஸ்பராஜின், செரின், வாலின் என விடை தருவார்கள். சோடி சேர்த்ததில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை, ஆனால் விடை முழுவதும் தவறு. ஆர்.என்.ஏ பாலிமரேஸ் என்ற நொதி வார்ப்புரு இழையை 3' முனையிலிருந்து வாசித்து, புதிய ஆர்.என்.ஏ-யை 5' முனையிலிருந்து கட்டுகிறது. புரதத்தைக் கட்டும் ரைபோசோமும் அந்தத் தூது ஆர்.என்.ஏ-யை 5' முனையிலிருந்தே வாசிக்கிறது. எனவே மாணவர் எழுதிய வரியின் வலது ஓரம்தான் தொடக்கம். அங்கிருந்து திருப்பி வாசித்தால் ஏயுஜி ஜிசியு யுஏஏ, அதாவது மெத்தியோனின், அலனின், பிறகு நிறுத்தக் கோடான் (புரதம் அங்கே முடிகிறது என்று சொல்லும் மூன்றெழுத்துக் குறி) என்று வரும். விடைத்தாள் திருத்தும்போது என்னை மிகவும் வருத்துவது இந்தத் தவறுதான், ஏனெனில் உழைப்பு முழுவதும் அதில் இருக்கிறது. ஒவ்வோர் இழையின் இரு முனைகளிலும் 5', 3' என்று குறித்துவிட்டுத் தொடங்கினால் இது நேராது. வினாவில் கொடுத்திருப்பது வார்ப்புரு இழையா, அதற்கு எதிரே சோடியாக உள்ள குறியீட்டு இழையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குறியீட்டு இழை என்றால் தைமினுக்குப் பதிலாக யுராசிலை எழுதினாலே போதும், சோடி சேர்க்கத் தேவையில்லை.

அடுத்தது எண்ணிக்கை. மனித உடல் செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள் உள்ளன. செல் பகுப்புக்கு முந்தைய எஸ் நிலையில் டி.என்.ஏ இரட்டிப்பான பின் 92 குரோமோசோம்கள் இருக்கும் என்று எழுதுவது பரவலான பிழை. குரோமோசோமைச் சென்ட்ரோமியரை (இரு நகல்களும் இணைந்திருக்கும் இடத்தை) கொண்டு எண்ணுவதால் அப்போதும் அவை 46தான், டி.என்.ஏ-யின் அளவு இரு மடங்காகிறது, அந்த நகல்களான குரோமாட்டிட்கள் 92 ஆகின்றன. உடல் செல்களின் பகுப்பான மைட்டாசிஸில், அனாஃபேஸ் என்ற கட்டத்தில் குரோமாட்டிட்கள் பிரிந்த பிறகே, செல் இரண்டாகும் வரை, 92 குரோமோசோம்கள் என்று சொல்ல முடியும். இந்த வேறுபாடு பிடிபடாதவர்களுக்கு மியாசிஸும் பிடிபடுவதில்லை. முதல் பகுப்பில் இணை குரோமோசோம்கள் விலகுவதால் எண்ணிக்கை அங்கேயே 23 ஆகிவிடுகிறது, ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமாட்டிட்கள் எஞ்சியிருக்கின்றன. இரண்டாம் பகுப்பு அவற்றைப் பிரிக்கிறதே தவிர எண்ணிக்கையைப் பாதியாக்குவதில்லை. ஒரே ஒரு சோடி குரோமோசோம்களை இரண்டு நிறப் பென்சில்களால் தாளில் வரைந்து, கட்டம் கட்டமாக நகர்த்திப் பாருங்கள். பத்துப் பக்கம் வாசிப்பதைவிட அது தெளிவு தரும்.

இடம் பற்றிய தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பசுங்கணிகம் இருப்பதால் தாவரச் செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டாம் என்பதும், தாவரம் இரவில் மட்டுமே சுவாசிக்கிறது என்பதும் தவறு; தாவரச் செல்கள் பகலிலும் சுவாசிக்கின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி முழுவதும் மைட்டோகாண்ட்ரியாவில்தான் உருவாகிறது என்பதும் சரியன்று. முதிர்ந்த மனித இரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை, அது சைட்டோசாலில் (செல்லின் உள்திரவத்தில்) நடக்கும் கிளைக்காலிசிஸை, அதாவது குளுக்கோஸ் சிதைவைக் கொண்டே வாழ்கிறது.

மரபுத் தகவல் டி.என்.ஏ, ஆர்.என்.ஏ, புரதம் ஆகியவற்றுக்கிடையே எப்படிச் செல்லும் என்று கூறும் மையக் கோட்பாட்டில் மீண்டும் திசையே சிக்கலாகிறது. 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் ஆர்.என்.ஏ-யிலிருந்து டி.என்.ஏ-யை உருவாக்கும் நொதியைத் தனித்தனியே கண்டறிந்ததும் அக்கோட்பாடு பொய்த்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் அக்கோட்பாட்டை முன்வைத்து 1958-இல் பிரான்சிஸ் கிரிக் வெளியிட்ட கூற்று, புரதத்துக்குள் சென்றுவிட்ட வரிசைத் தகவல் அங்கிருந்து வெளியேற முடியாது என்பதே. ஆர்.என்.ஏ-யிலிருந்து டி.என்.ஏ-க்குச் செல்லும் வழியை அது தடுக்கவில்லை என்று 1970-இல் அவரே விளக்கினார். ஆகவே எச்.ஐ.வி-யின் அந்த நொதியைப் பற்றி எழுதும்போது, அது மையக் கோட்பாட்டை முறியடிக்கிறது என்று எழுதாமல், டி.என்.ஏ-க்கும் ஆர்.என்.ஏ-க்கும் இடையே எதிர்த்திசையிலும் ஓர் அம்புக்குறி வரைய வேண்டும்.