சலித்துப்போன பூங்காவின் மீது ஆசையை மீட்பது எப்படி? டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை

மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் போகிறோம் என்றதும் முதல்நாள் இரவு தூக்கம் வராமல் புரண்ட பிள்ளைகள், வளர்ந்தபின் அதே பேச்சு வீட்டில் எழும்போது "மறுபடியும் அங்கேயா?" என்று அலுத்துக்கொள்வதை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கலாம். அந்த ஆசையை மீண்டும் வரவழைக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். பிளாக் தண்டரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டாலும், சென்னை, மதுரைப் பூங்காக்களுக்கும் இதே முறை பொருந்தும். தேவைப்படுபவை ஒரு நோட்டுப் புத்தகமும், ஓராண்டுப் பொறுமையும், உடன்வர ஒருவரும் மட்டுமே.

முதல் படி: சலிப்பு எதனால் என்று பிரித்தறிதல்

மே மாத விடுமுறையில் தெருவே சேர்ந்து வேன் பிடித்து, இரவெல்லாம் உட்கார்ந்தபடியே பயணம் செய்து, திறப்பதற்கு முன்பே வாசலில் நின்று, கொடுத்த காசுக்கு ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, மாலையில் ஈரத்துணி மூட்டையோடு வேனில் விழுந்து உறங்குவதே நம் ஊர் வழக்கம். இப்படிப் போய்வந்தவருக்குப் பூங்கா அலுத்ததா, வேன் பயணம் அலுத்ததா என்பதே தெரிந்திருக்காது. ஆகவே நோட்டில் ஒரு பக்கத்தில் கடைசிப் பயணத்தில் களைப்பூட்டியவற்றையும், எதிர்ப்பக்கத்தில் இன்றும் நினைவில் நிற்பவற்றையும் எழுதுங்கள். முதல் பக்கம் முழுக்கக் கூட்டம், வெயில், வரிசை என்றே நிரம்பினால் உங்கள் ஆசை பத்திரமாகவே இருக்கிறது. நான்காம் படிக்கு நேரே போய்விடலாம். தலைச்சுற்றல், முதுகுவலி என்று இருந்தால் மருத்துவரைக் கேட்டபின் மற்றதைப் பார்க்கலாம். வயது ஏற ஏறச் சுழலும் ராட்டினங்கள் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எல்லாமே மனப்பாடம் ஆகிவிட்டதுதான் குறை என்பவர்கள் அடுத்த இரண்டு படிகளையும் தவறாமல் செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: ஓராண்டு விரதம்

கோடையில் காய்ந்து வெடித்த வயலில்தான் முதல் தண்ணீர் ஆழமாக இறங்கும். ஓராண்டுக்குப் பூங்காப் பக்கம் போகாதீர்கள். அதைவிட முக்கியமாக, ராட்டினத்தில் ஏறிப் படம் பிடித்தவர்களின் காணொளிகளைப் பார்க்காதீர்கள். கைப்பேசியில் நூறு முறை பார்த்த சறுக்கில் நூற்றோராவது முறையாகச் சறுக்குவதில் புதுமை எங்கிருந்து வரும்?

இந்த ஓராண்டில் ஒரேயொரு விலக்கு உண்டு. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கோ, நாகூர் கந்தூரிக்கோ போகும்போது அங்கே போட்டிருக்கும் ராட்சத ராட்டினத்தில் ஒருமுறை மட்டும் ஏறுங்கள். உச்சியைத் தாண்டித் தொட்டி கீழே இறங்கத் தொடங்கும் நொடியில் அடிவயிறு ஜில்லென்று ஆகிறதா என்று கவனியுங்கள். ஆனால் போல்ட்டுகள் ஆடுவதும், தொட்டியின் கதவு சரியாகப் பூட்டாததும் கண்ணில் பட்டால் ஏறாமல் திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம்.

மூன்றாம் படி: வேலை செய்யும் விதத்தைக் கற்றல்

என் கணிப்பில் பாதிப் பலன் இந்தப் படியில்தான் இருக்கிறது. அடிவயிற்றில் ஏற்படும் அந்தக் கூச்சத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் எடை என்று உணர்வது, இருக்கை நம்மைத் தாங்கி மேல்நோக்கித் தரும் விசையைத்தான். இருக்கையும் நம்மோடு சேர்ந்து கீழே விழும்போது அந்தத் தாங்கல் குறைந்துவிடுவதால், உடம்பும் உள்ளுறுப்புகளும் ஒரு கணம் எடையற்றவை போல ஆகின்றன. ரோலர் கோஸ்டர் முழுவதும் இந்த ஒரு கணத்தை விதவிதமாகப் பரிமாறும் இயந்திரம் என்று சொல்லலாம்.

வழக்கமான ரோலர் கோஸ்டரில் வண்டிக்கு எஞ்சின் கிடையாது. சங்கிலி அதை முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துவிடும். அதன்பின் எல்லாம் புவியீர்ப்பின் வேலை. ஏறும்போது கேட்கும் "டக் டக்" ஓசை, சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி தடுக்கும் கொக்கி, பல்வரிசையில் ஒவ்வொரு பல்லாக விழும் ஓசையாகும். பலரை நடுங்கவைக்கும் அந்தச் சத்தம் உண்மையில் காவலின் சத்தம். தண்டவாளத்தின் மேலும் பக்கத்திலும் மட்டுமன்றி அடியிலும் சக்கரங்கள் பிடித்திருப்பதால்தான் வண்டி மேடுகளில் எகிறிப் போகாமல் ஓடுகிறது. ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919இல் இந்த அடிச்சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

இன்னொரு செய்தி, இருக்கை தேர்வதற்கு நேரடியாக உதவும். முன்வரிசை உச்சியைத் தாண்டும்போது வண்டியின் பெரும்பகுதி இன்னும் பின்னால் ஏறிக்கொண்டிருப்பதால் வேகம் குறைவாகவே இருக்கும். கடைசி வரிசை உச்சிக்கு வருவதற்குள் முன்பகுதி கீழே பாய்ந்திருக்கும் என்பதால், பின்னால் இருப்பவர்கள் வேகத்தோடு மேட்டைத் தாண்டி இழுக்கப்படுகிறார்கள். காட்சி வேண்டுமானால் முன்னால், கூச்சம் வேண்டுமானால் பின்னால் உட்கார வேண்டும்.

நீர்ச்சறுக்குக்கும் ஒரு கணக்கு உண்டு. உராய்வை விட்டுவிட்டால், 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குபவர் அடியில் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகம் அடைவார். உயரத்தை 20 மீட்டராக இரட்டித்தாலும் வேகம் 71ஐத்தான் தொடும். உண்மையில் உராய்வால் இரண்டுமே குறையும். அந்த உராய்வை அடக்குவது மோட்டார் மேலே ஏற்றிவிடும் தண்ணீர்தான். போர்செட் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: மாதமும் வண்டியும்

சம்பா அறுவடை முடிந்து, தரிசில் விதைத்த உளுந்து இன்னும் காய்க்காத மாசி மாதம் நமக்கு ஏற்றது. பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதால் வாரநாட்களில் கூட்டம் குறையும், மழைத் தொல்லையும் பெரும்பாலும் இராது. வேனை மறந்துவிட்டு, மன்னார்குடியிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் செம்மொழி எக்ஸ்பிரஸில் படுக்கை வசதியோடு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரவுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டால் போதும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. நீர் விளையாட்டுக்குப் பருத்தி உடையை அனுமதிக்காத பூங்காக்கள் பல உள்ளதால், செயற்கை இழை உடையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: உள்ளே நடந்துகொள்ளும் முறை

எல்லாவற்றிலும் ஏறுவதில்லை என்று வாசலிலேயே முடிவெடுங்கள். நோட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதியவற்றில் சிலவற்றை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் இருமுறை ஏறுங்கள். இரண்டாம் முறை இருக்கையை மாற்றுங்கள், அல்லது முதல் முறை மூடிய கண்ணைத் திறந்து வையுங்கள். காலைத் தண்ணீர் குளிரும் என்பதால் அலைக்குளத்தை நண்பகலுக்கு ஒதுக்கலாம்.

மிகப் பிடித்ததைக் கடைசிக்கு வையுங்கள். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கை வலிக்கும் அளவுக்குக் குளிர்ந்த 14 பாகை செல்சியஸ் தண்ணீரில் 60 நொடி கைவைத்ததையும், அதே 60 நொடியோடு சற்றே சூடேறிய தண்ணீரில் மேலும் 30 நொடி வைத்ததையும் ஒப்பிட்டபோது, பெரும்பாலோர் நீண்ட இரண்டாவதையே மறுபடி செய்யத் தேர்ந்தனர். முடிவு இதமாக இருந்தால் முழு அனுபவமும் இதமானதாகவே நினைவில் பதிகிறது. கால் கடுக்கும்வரை நிற்காமல், அந்தக் கடைசிச் சவாரியோடு வெளியே வந்துவிட வேண்டும். முடிந்தால் இதுவரை அங்கே வராத ஒரு குழந்தையை உடன் அழைத்துப் போங்கள்; ஆனால் அதற்கு எதையும் முன்கூட்டி விளக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு மனம் அசையவில்லை என்றால் பூங்காவை மாற்றிப் பார்க்கலாம். 2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் திறந்த வொண்டர்லாவில், தண்டவாளம் தலைக்கு மேலும் கால்கள் அந்தரத்திலும் இருக்க ஓடும் தொங்கு கோஸ்டர் ஒன்று இருக்கிறது. அதற்கு வைத்திருக்கும் பெயர் தஞ்சோரா என்பதால் நமக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு. அதில் ஏறுபவர்கள் காலணியைப் பற்றிய விதியை வரிசையில் நிற்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.