தஞ்சை அரண்மனைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தஞ்சாவூர் அரண்மனைக்குள் நுழையும் பல குடும்பங்கள் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகின்றன. "பழைய கட்டடம், நாலு சிலை, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோ தேடுகிறார்கள். அந்தச் சிலைகளைப் பார்க்கவென்றே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மயிலாடுதுறையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் காலையில் கிளம்பி வந்துவிடக்கூடிய நாம் சரியாகப் பார்க்காமல் திரும்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பிள்ளைகளிடம் "ராஜராஜ சோழன் வாழ்ந்த அரண்மனை" என்று சொல்லிக் கூட்டிப் போவதிலேயே தவறு தொடங்குகிறது. சோழர் அரண்மனை எதுவும் இன்று தஞ்சையில் நிற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் படையெடுப்பில் ஊரே எரிக்கப்பட்டது. இப்போது நாம் பார்ப்பது 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர்கள் கட்டத் தொடங்கி, பிறகு 1855 வரை ஆண்ட மராட்டியர்கள் விரித்துக் கட்டியது. இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். சிம்மாசனமும் வாளும் தேடி வரும் பிள்ளை ஏமாந்து போகாது. மராட்டிய தர்பார் மண்டபத்துச் சுதைவேலையும் வண்ணமும் எங்கிருந்து வந்தன என்பதும் அதற்குப் புரியும்.

அடுத்தது நேரம். பெரும்பாலானவர்கள் முதலில் பெரிய கோயிலுக்குப் போய், வெயிலில் வெறுங்காலோடு பிராகாரம் சுற்றி, சாப்பிட்டுவிட்டு, கண் சொக்கும் நேரத்தில் அரண்மனைக்கு வருகிறார்கள். இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காலையில் முதல் வேலையாக அரண்மனை. பெரிய கோயிலில் மதியம் நடை சாத்தி, மாலை நான்கு மணிவாக்கில்தான் திறப்பார்கள்; அதன் பிறகு கல்லும் ஆறத் தொடங்கும், விமானத்தின் மேல் சாயங்கால வெயில் விழும். இரண்டுக்கும் இடையே தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். பிரதோஷ நாளாக இருந்தால் கோயிலில் நெரிசல் அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். "வந்ததே வந்தோம், தாராசுரத்தையும் பார்த்துவிடலாம்" என்று யாராவது ஆரம்பித்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

இப்போது முக்கியமான தவறுக்கு வருகிறேன்: எல்லாவற்றையும் பார்க்க நினைத்து எதையுமே பார்க்காமல் போவது. அரண்மனைக்குள் 1951-இல் தொடங்கிய கலைக்கூடத்தில் கல்லும் செம்புமாகச் சிலைகள் வரிசையாக இருக்கின்றன. வரிசை முழுவதையும் நடந்து தீர்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து நில்லுங்கள். எனக்கு முதலில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். ராஜராஜன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1011 வாக்கில் வார்த்தது. பக்கத்தில் நிற்கும் தேவி அதற்கு அடுத்த ஆண்டைச் சேர்ந்தவர். காளையின் மேல் ஒயிலாகச் சாய்ந்து, ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து நிற்கிறார் சிவன். சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றியிருக்கிறார். அந்தக் காளை இப்போது இல்லை. ஆனாலும் அந்தக் கையும் உடம்பின் சாய்வும் காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று காட்டிக்கொடுக்கின்றன. பிள்ளைகளிடம் "இவர் எதன்மேல் சாய்ந்திருக்கிறார், சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள், அவர்கள் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

பின்பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும். கோயிலில் உற்சவர் பட்டும் மாலையுமாக இருப்பார், முகமும் கையும் தவிர நமக்கு எதுவும் தெரியாது. சிற்பி முதுகை எப்படி வளைத்தான், இடைக்கச்சையை எப்படி முடிந்தான் என்பதை இங்கேதான் பார்க்க முடியும். பீடத்தில் உள்ள வளையங்களையும் துளைகளையும் காட்டுங்கள்: வீதியுலாவுக்குக் கழி செருகிக் கட்டித் தூக்க வைத்தவை. மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சுட்டு மெழுகை உருக்கி எடுத்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் அதே அச்சில் இன்னொன்று கிடையாது. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்.

தொடாதீர்கள். கும்பிடுவது வேறு. ஆனால் கல்சிலையின் காலில் குங்குமம் வைப்பதும் நாணயம் வைப்பதும் பக்தியாகாது. கை வியர்வையில் உள்ள உப்பு செம்பை அரிக்கும்.

சின்னப் பிள்ளைகள் சலித்துப்போனால் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டலாம். 1955-இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. மாடிப்படிகள் செங்குத்தாக இருக்கும். முழங்கால் வலி உள்ள தாத்தா பாட்டியை ஏறச் சொல்லி வற்புறுத்தாமல் நாயக்கர் தர்பார் மண்டபத்தில் விடுங்கள். அங்கே கைகூப்பி நிற்கும் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலை இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது.

அதே வளாகத்தில் உள்ள சரஸ்வதி மகாலை "வெறும் நூலகம்" என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கும் நூலகத்துக்குள் நாம் சுற்றிப் பார்க்க முடியாது, அதன் காட்சிக்கூடத்தைப் பார்க்கலாம். மனித முகங்களை விலங்கு, பறவை முகங்களோடு ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சு ஓவியர் லெ பிரனின் படங்கள் அங்கே இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளையும் அதை ரசிக்கும். சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகள், கண்ணின் படத்தோடு, இந்த நூலகத்தின் சேகரிப்பில்தான் இருக்கின்றன. கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள், அங்கே படம் எடுக்கக் கூடாது.

ஒரே வளாகம் என்றாலும் கலைக்கூடமும் நூலகமும் தனித்தனி நிர்வாகம். ஒரு சீட்டு எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைத்து வரிசையில் நிற்காதீர்கள். எந்தச் சீட்டு எந்தெந்தக் கூடத்துக்கு என்று கவுன்ட்டரிலேயே கேளுங்கள், எந்தக் கூடத்துக்கு எந்த நாள் விடுமுறை என்பதைக் கிளம்புவதற்கு முந்தைய நாளே விசாரித்துவிடுங்கள். காசும் நேரமும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் கலைக்கூடத்துக்குச் சீட்டு எடுங்கள்.