ஏபிஐ எழுதும்போது தரவில் சறுக்கும் இடங்கள்

எழுதியவரின் மடிக்கணினியில் எந்த ஏபிஐயும் (மற்ற புரோகிராம்களின் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் சர்வர் புரோகிராம்) ஒழுங்காகத்தான் ஓடும். அங்கே பயனர் ஒருவர்தான். ஒரு கோரிக்கை முடிந்த பிறகுதான் அடுத்தது வரும். தரவு விஷயத்தில் நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த நிம்மதியில் பிறந்தவை.

ஆரம்பநிலைப் பாடங்களிலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும் பழக்கம் ஒன்று உண்டு: தரவை ஒரு குளோபல் வேரியபிளில், அதாவது ஓடும் புரோகிராமின் நினைவகத்திலேயே, வைத்துக்கொள்வது. சர்வரை நிறுத்தித் தொடங்கினால் எல்லாம் போச்சு என்பது யாருக்கும் தெரியும். தெரியாமல் கடிப்பது வேறு. நிஜ சர்வரில் உங்கள் புரோகிராமின் நான்கைந்து பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகம். ஒரு பிரதியில் லாகின் செய்த பயனரின் அடுத்த கோரிக்கை இன்னொரு பிரதிக்குப் போகும், அது 'நீங்கள் யார்?' என்று கேட்கும். பயனர் ஏற்றும் படங்களைக் கன்டெய்னருக்குள்ளேயே (ஒவ்வொரு பிரதியும் ஓடும் தனிப் பெட்டி) சேமிப்பதும் இதே கதைதான்.

சரி, டேட்டாபேஸுக்கு வந்துவிட்டோம். இனி கவலையில்லையா? இருக்கிறது. 'இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் சேர்' என்று எல்லாரும் எழுதுகிறோம். படித்துப் பார்த்தால் குறையே தெரியாது. ஆனால் தேடுவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவே சில மில்லிவினாடி இடைவெளி இருக்கிறது. பொறுமையில்லாத ஒருவர் பொத்தானை இரண்டு முறை தட்டினால் போதும். இரண்டு கோரிக்கைகளும் தேடும், இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும், இரண்டும் சேர்த்துவிடும். ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு. ஒன்றில் முகவரி, மற்றதில் ஆர்டர்கள். இதைப் பிறகு ஒட்டவைக்கும் வேலை இருக்கிறதே, அதை நான் செய்திருக்கிறேன், எதிரிக்கும் வேண்டாம். டேபிளின் மின்னஞ்சல் பத்தியில் (காலம்) யூனிக் கட்டுப்பாட்டை, அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற விதியை, வைத்துவிட்டால் இரண்டாவது வரிசையை டேட்டாபேஸே மறுத்துவிடும். அந்தப் பிழையைப் பிடித்து 409 (ஏற்கெனவே உள்ளதோடு மோதுகிறது என்ற நிலைக்குறி) என்று பதில் அனுப்பினால் சரி.

கையிருப்பைக் குறைப்பதிலும் இதே ஓட்டைதான். 5 என்று படித்து, கோடில் ஒன்றைக் கழித்து, 4 என்று எழுதுகிறோம். அதே நொடியில் இன்னொருவரும் 5 என்று படித்திருந்தால், இரண்டு பொருள் விற்ற பிறகும் கணக்கில் 4 நிற்கும். கழிக்கும் வேலையை டேட்டாபேஸிடமே விடுங்கள்: 'இருப்பு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் ஒன்றைக் குறை' என்று ஒரே அப்டேட். எத்தனை வரிசை மாறியது என்று அது சொல்லும். பூஜ்யம் என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது.

டேட்டாபேஸ் காவல் காக்கும் என்று நம்பும்போது, காவல் விழித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில் ஃபாரின் கீ சோதனை (ஒரு பதிவு சுட்டும் மற்றப் பதிவு உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது) இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் அதை இயக்க வேண்டும்.

அப்புறம் இணைப்புகளின் கணக்கு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக 100 இணைப்புகளுக்கு இடம் தரும், மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் 151. ஒவ்வொரு பிரதிக்கும் 20 இணைப்பு கொண்ட பூல் (திறந்தே வைத்து மாறிமாறிப் பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) என்று வைத்து, ஆறு பிரதிகளை ஓட்டினால் 120 ஆகிவிடுகிறது. கூட்டம் வரும் நாளில் போஸ்ட்கிரெஸ் கதவைச் சாத்திவிடும். உடனே பூலைப் பெரிதாக்கத்தான் கை போகும். அது நிலைமையை மோசமாக்கும். முதலில் பார்க்க வேண்டியது, பல மாற்றங்களை ஒரே தொகுப்பாக முடிக்கும் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டே வெளியில் உள்ள இன்னொரு சேவையை எங்கேயாவது அழைக்கிறோமா என்பதை. அந்தச் சேவை பத்து வினாடி தாமதித்தால் உங்கள் இணைப்பும் அது பிடித்திருக்கும் பூட்டுகளும் பத்து வினாடி அப்படியே நிற்கும்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. பணத்தை ஃப்ளோட்டில் (தசம எண்களைத் தோராயமாக வைக்கும் வகை) வைக்காதீர்கள், அதில் 0.1 + 0.2 கூட்டினால் 0.30000000000000004 வரும். மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவோ டெசிமல் வகையிலோ வையுங்கள். 64 பிட் அடையாள எண்களை ஜேசனில் (ஏபிஐகள் தரவை அனுப்பும் உரை வடிவம்) எண்ணாக அனுப்புவதும் ஆபத்து. 9007199254740993 என்று நீங்கள் அனுப்பினால், ஜாவாஸ்கிரிப்ட் அதை 9007199254740992 என்று படிக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. வேறொருவரின் பதிவுகூடத் திறக்கலாம். சரமாக (மேற்கோள் குறிக்குள் உரையாக) அனுப்புங்கள்.

நம் எழுத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறை) ஓர் எழுத்துக்குறிக்கு மூன்று பைட்தான் தரும். தமிழ்க் குறிகள் மூன்றுக்குள் அடங்கிவிடுவதால் சோதனையில் எல்லாம் ஜோராக இருக்கும். முதல் எமோஜி வரும்போதுதான் உடையும், ஏனென்றால் அதற்கு நான்கு பைட் வேண்டும். 'யூடிஎஃப்8எம்பி4' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைவிட நுட்பமான இன்னொன்று: 'கொ' என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போஸ்ட்கிரெஸுக்கோ இயல்பான அமைப்பில் அவை இரண்டு வேறு சொற்கள். மேலே சொன்ன யூனிக் கட்டுப்பாட்டுக்குள் ஒரே பெயர் இரண்டு முறை நுழைவது இப்படித்தான். சேமிக்கும் முன், இவற்றை ஒரே குறியாக இணைக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக பேக்கப். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் கோடைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், தவறான சர்வர் என்று தெரியாமல், புழக்கத்தில் இருந்த டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். நிறுவனமே பிறகு எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதியது. தினசரி பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத் தரவு போனது. மீதியாவது கிடைத்ததற்குக் காரணம், வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்திருந்த நகல். உங்கள் பேக்கப்பை இந்த வாரமே ஒரு காலி சர்வரில் மீட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரம் பிடித்தது என்றும் குறித்துவையுங்கள்.