சிறுவர் தொடரில் கதாநாயகியை வளரவிடுவது எப்படி

சிறுவர்களுக்குத் தொடர் எழுதுகிற பலர் புத்தகத்துக்கு ஒரு வயது கூட்டிவிட்டுக் கதாநாயகி வளர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வயது ஏறும், பிள்ளை அப்படியே இருப்பாள். அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் சொந்த வாழ்க்கையை வைத்து எழுதிய 'லிட்டில் ஹவுஸ்' வரிசையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1932இல் வந்த முதல் புத்தகத்தில் விஸ்கான்சின் காட்டு வீட்டில் குட்டிப்பெண்ணாக இருக்கிற லாரா, 1943இல் வந்த புத்தகத்தின் முடிவில் கல்யாணமாகிப் போகிறாள்.

முதலில் அவளுடைய ஒரு குணத்தைப் பிடியுங்கள். அதைத் திருத்த வேண்டாம், அதற்கு வேறு வேலை கொடுங்கள். லாராவுக்கு அக்கா மேரியோடு எப்போதும் உரசல். தங்க நிற முடிதான் அழகு என்று மேரி சொல்ல, பழுப்பு முடிக்காரி லாரா பளாரென்று அறைந்துவிட்டு அப்பாவிடம் வாரால் அடிவாங்குகிறாள். சில புத்தகங்கள் தள்ளி, காய்ச்சலில் மேரிக்குப் பார்வை போனபோது, இனி நீதான் அவளுக்குக் கண் என்று அந்த அப்பாவே சொல்கிறார். அப்புறம் லாரா பார்ப்பதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வெள்ளைக் குதிரையில் போனவன் சூரியனுக்குள்ளேயே போய்விட்டான் என்கிறாள், அதெப்படி, தரையில்தானே போவான் என்று மேரி திருத்துகிறாள், லாராவுக்கோ தான் பொய் சொன்னதாகவே படவில்லை. உரசல் போகவில்லை, ஆனால் ஒரு எழுத்துக்காரி அங்கே முளைத்துவிட்டாள்.

நடையும் அவளோடு வளர வேண்டும். முதல் புத்தகத்தில் வெண்ணெய் கடைவதைக்கூடச் சின்னச் சின்ன வாக்கியங்களில் சொல்கிறவர், எரிபொருளும் மாவும் தீர்ந்துபோன 1880-81 குளிர்காலக் கதையில் வைக்கோலை முறுக்கி எரிப்பதையும் காபி மில்லில் கோதுமை அரைப்பதையும் அலுத்துப்போகும் அளவுக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார். அந்த அலுப்பு வேண்டுமென்றே வந்தது என்பது என் கணிப்பு.

எல்லா வருடத்தையும் எழுதாதீர்கள். தன் குடும்பம் அயோவா மாநிலத்தில் இருந்த காலத்தையும் இறந்துபோன தம்பியையும் வைல்டர் தொடரில் சேர்க்கவே இல்லை.

பதினைந்து வயதில் லாரா டீச்சர் வேலைக்குப் போவது மேரியின் படிப்புச் செலவுக்காக. வகுப்பில் தன்னைவிடப் பெரிய பையன், தங்கியிருக்கும் வீட்டில் நிம்மதியில்லை, வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ஏங்குகிறாள். பெரியவள் வேலையைக் கொடுத்துவிட்டுக் குழந்தை மனதைப் பிடுங்காமல் விடுங்கள், சரியா?

அமெரிக்கப் பூர்வகுடிகளை இந்தப் புத்தகங்கள் இழிவாகக் காட்டும் விதத்தை மட்டும் கடன் வாங்காதீர்கள். அதனால்தான் 2018இல் அமெரிக்க நூலகர்கள் வைல்டர் பெயரில் இருந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரையே மாற்றினார்கள்.